எடே ஊரில் ஷாங்கோ, மசூதி, தேவாலயம்: அன்றாடம் எப்படி ஓடுகிறது?

#1 தாழம்பூ

நைஜீரியாவின் தென்மேற்கில் உள்ள யோருபா நாட்டைப் பற்றி யார் எழுதினாலும், "மூன்று மதத்தாரும் அண்ணன் தம்பியாகப் பழகுகிறார்கள்" என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஒஷுன் மாநிலத்தில் எடே மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கேட்கிறேன். அரசர் எந்த மதம்? விசேஷத்தில் கறி யார் அறுக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள்? இறந்தவரை எந்த முறைப்படி எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார்? உபதேசம் வேண்டாம், விவரம் வேண்டும்.

#2 கல்வெட்டுக்காரன்

நல்ல ஊராகத்தான் பிடித்திருக்கிறீர்கள். முதலில் அரசர் விஷயம்.

எடே, ஒஷுன் ஆற்றங்கரை ஊர். மாநிலத் தலைநகர் ஒசோக்போவுக்குத் தென்மேற்கே, பக்கத்திலேயே இருக்கிறது. ஓயோ பேரரசின் காவல் தளமாகத் தொடங்கியது என்பது மரபு. ஊர் அரசருக்குத் திமி என்று பட்டம். முதல் திமி நெருப்பு அம்பு எய்பவர் என்று வாய்மொழி வரலாறு சொல்லும். ஓயோவின் தெய்வம் ஷாங்கோ, இடிக்கு உரியவர். அதனால் ஷாங்கோ வழிபாடு இங்கே அரண்மனையோடு ஒட்டியது, தெருக்கோடிக் கோயில் மாதிரி தள்ளி இருப்பதல்ல.

19ஆம் நூற்றாண்டில் ஹபீபு லாகுஞ்சு என்ற திமி வந்தார். யோருபா அரசர்களில் முதல் முஸ்லிம் என்று இவரைத்தான் குறிப்பிடுவார்கள். ஷரீஅத்தை ஊர் நடைமுறையாக்கப் பார்த்தார். அவரைப் பட்டத்திலிருந்து இறக்கினார்கள். அவர் முஸ்லிம் ஆனது மட்டுமே காரணம் என்று படிக்கக் கூடாது, அந்தக் காலத்துப் போர் அரசியலும் கலந்திருக்கிறது. ஆனாலும் ஊர் அதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொண்டது: திமி தனக்கென ஒரு மதம் வைத்துக்கொள்ளலாம், ஊருக்கென்று வைக்க முடியாது.

அந்த விதிக்கு நல்ல உதாரணம் திமி ஜான் அடெட்டோயேசே லாயோயே. 1946 முதல் 1975 வரை பட்டத்தில் இருந்தவர், பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், டுண்டுன் என்ற பேசும் முரசில் பெரிய கைகாரர். அரசர்களின் வாழ்த்துப்பாவை முரசில் வாசித்துக் காட்டி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஞாயிறு ஆராதனைக்கும் போவார், ஷாங்கோ விழாவுக்கும் புரவலராக இருப்பார். இப்போதுள்ள திமி, முனிருதீன் அடெசோலா லாவால், முஸ்லிம். ஷாங்கோ விழா அரண்மனை முற்றத்தில் இன்றும் நடக்கிறது.

அரசரை "அலாஷே எகேஜி ஒரிஷா" என்பார்கள், தெய்வங்களுக்கு அடுத்தபடி ஆணை உடையவர் என்று பொருள். அந்தப் பட்டத்தோடு சில கடமைகளும் ஒட்டிக்கொண்டு வரும். "என் மதத்தில் இது கிடையாது" என்று அவர் தட்டிக்கழித்தால் சிக்கல் ஆரம்பம்.

#3 மண்வாசனை

அப்படியானால் அடியில் எல்லாம் ஒரே மதம்தான், பெயர்தான் வேறு வேறு என்று சொல்லலாமா?

#4 கல்வெட்டுக்காரன்

கூடவே கூடாது நண்பரே. வேறுபாடு அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். முஸ்லிம் என்றால் இமாலே, கிறிஸ்தவர் என்றால் இக்பாக்போ, மரபு வழிபாட்டுக்காரர் என்றால் இஷேஷே. மூன்றுக்கும் தனித்தனிச் சொல், தனித்தனி எல்லை. ஒரு பழமொழியே உண்டு: "உலகத்தோடு வந்தது இஃபா, உலகத்தோடு வந்தது இமாலே, நட்ட நடுப்பகலில் நுழைந்தது இக்பாக்போ." இஃபா என்பது இஷேஷேயின் குறி பார்க்கும் முறை. எது பழசு, எது நேற்று வந்தது என்று நக்கலாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவப் பணியாளர்கள் 1842இல்தான் கடற்கரை ஊரான பதாக்ரிக்கு வந்தார்கள். இமாலே என்ற சொல்லை மாலி நாட்டோடு இணைத்துப் பார்ப்பார்கள், இஸ்லாம் வடக்கு வணிகப் பாதை வழியே அதற்கு எவ்வளவோ முன்பே வந்துவிட்டது.

எல்லையைத் தெரிந்துகொண்டே சேர்ந்திருக்கிறார்கள், காரணம் வீடு. எடேயின் அடெலெக்கே குடும்பத்தையே பாருங்கள். தந்தை ராஜி அயூலா அடெலெக்கே முஸ்லிம், செனட்டராக இருந்தவர். மகன் இசியாக்கா, 1992இல் ஒஷுன் மாநிலத்தின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர், முஸ்லிமாகவே வாழ்ந்து 2017இல் இஸ்லாமிய முறைப்படி அடக்கமானார். இன்னொரு மகன் அடெடெஜி ஏழாம்நாள் கிறிஸ்தவத் திருச்சபைக்காரர், 2011இல் எடேயிலேயே அந்தச் சபை சார்ந்த பல்கலைக்கழகம் தொடங்கினார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அப்பா இருக்கும் மதத்தில் பிள்ளை இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யோருபாக் குடும்பத்தில் அவ்வளவு இறுக்கமில்லை. குலமும் வாழ்த்துப்பாவும் விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

#5 மிளகுத்தண்ணி

கறிக்கு நான் வருகிறேன்.

அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். மற்றவர்கள் யார் அறுத்தாலும் சாப்பிடுவார்கள், முஸ்லிம் தன் முறைப்படி அறுக்காததைத் தொடமாட்டார். எனவே பொது விருந்து என்றால் கத்தி முஸ்லிம் கைக்குப் போகும். கல்யாணம், வீட்டுக் குடிபுகல், பட்டம் சூட்டல் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். வீட்டுக்காரர் பாப்டிஸ்டாக இருந்தாலும் மாட்டை அறுக்க ஓர் அல்ஃபாவையோ (முஸ்லிம் மதகுரு) முஸ்லிம் உறவினரையோ அழைப்பார்கள். இதைப் பெருந்தன்மை என்று யாரும் பாராட்டுவதில்லை. இல்லாவிட்டால் பந்தியில் பாதிப் பேர் சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஷாங்கோவுக்குக் கடா, இரும்புத் தெய்வம் ஓகுனுக்கு நாய் என்று பலியிடுவது வேறு கணக்கு. அங்கே ரத்தம் தெய்வத்தின் மேல் விழ வேண்டும், அறுப்பவர் அந்த வழிபாட்டுக்காரராகவே இருக்க வேண்டும். அந்தக் கறியை முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் அது கறி கொடுத்ததாகாது, வம்புக்கு இழுத்ததாகும்.

ஹஜ்ஜுப் பெருநாளை அங்கே இலேயா என்பார்கள். காலைத் தொழுகை முடிந்த பிறகுதான் கடா அறுக்க வேண்டும், தொழுகைக்கு முன்பே அறுத்தால் அது குர்பானிக் கணக்கில் சேராது. பிறகு கிறிஸ்தவ உறவினர் வீடுகளுக்குக் கறி போகும். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து சோறும் கோழியும் திரும்பி வரும். தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது எந்த வேதத்திலும் இல்லாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற சட்டம்.

#6 வேப்பமரத்தடி

மிளகுத்தண்ணி சொன்னது பழைய சபைகளுக்குப் பொருந்தும். புதிய பெந்தகொஸ்தே சபைகளில் "இலேயா கறி விக்கிரகத்துக்குப் படைத்தது, தின்னலாமா?" என்று வருடாவருடம் சண்டை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், எட்டாம் அதிகாரத்தை இரண்டு கட்சியும் எடுத்து நீட்டும். தின்பவர் தின்கிறார், தின்னாதவர் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார். வாங்கவே மாட்டேன் என்று வாசலில் திருப்பி அனுப்புகிற ஆள்தான் குடும்பத்தில் கெட்ட பெயர் வாங்குகிறார்.

#7 ஓலைச்சுவடி

குறி கேட்பது பற்றி இதுவரை யாரும் தொடவில்லை. மூன்று மதமும் மிக நெருங்கி உரசுகிற இடம் அதுதான் என்பேன்.

இஃபா பார்க்கும் முறை: பாபாலாவோ என்ற இஃபா பூசாரி பதினாறு பனங்கொட்டைகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரே பிடியாக அள்ளுவார். மிச்சம் இரண்டு கொட்டை என்றால் ஒரு கோடு, ஒரு கொட்டை என்றால் இரண்டு கோடு. ஆம், தலைகீழ்தான், புதிதாகப் பழகுபவர்கள் முதலில் தப்பு செய்யும் இடம் இது. ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும், மூன்றும் அதற்கு மேலும் மிஞ்சினாலும் அந்தப் பிடி செல்லாது, மறுபடி அள்ள வேண்டும். கோடுகளை மரத்தட்டில் பரப்பிய இயேரோசுன் என்ற தூளில் விரலால் இழுப்பார், வலப்பக்கம் முதலில், பிறகு இடம். பக்கத்துக்கு நான்காக எட்டுக் குறி விழுந்தால் ஓர் ஒடு, அதாவது ஒரு முழு வடிவம், முடிந்தது. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256 ஒடு. ஒவ்வொன்றுக்கும் ஏராளமான பாட்டு, அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு எட்டு அரைக்கொட்டை கோத்த ஒபேலே சங்கிலி உண்டு, ஒரே வீச்சில் முழு ஒடுவும் விழுந்துவிடும். பெரிய காரியத்துக்குக் கொட்டைதான்.

இந்த 256இல் ஒதுரா மேஜி என்ற ஒடு முஸ்லிம்களைப் பற்றிப் பேசுவது. பிள்ளைக்கு இஃபா பார்க்கையில் இது விழுந்தால், "இவன் இமாலேயாக வளர வேண்டியவன்" என்று பாபாலாவோவே சொல்லிவிடுவதுண்டு. தன் வாடிக்கையைத் தானே எதிர்த்த கடைக்கு அனுப்பும் சோதிடரை வேறெங்கும் பார்ப்பது கஷ்டம்.

எதிர்த்த கடையிலும் சரக்கு ஏறக்குறைய அதுதான். அல்ஃபாக்களில் சிலர் மணலில் குறி போட்டுப் பார்ப்பார்கள், அதிலும் பதினாறு வடிவம்தான் அடிப்படை. குர்ஆன் வசனம் எழுதி மடித்துத் தோலில் தைத்த தாயத்துக்குத் திரா என்று பெயர். மரப்பலகையில் மையால் எழுதிக் கழுவிய நீரைக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. மூன்றாவது கடை அலதுரா என்ற கிறிஸ்தவச் சபைகள்: வெள்ளை அங்கி, மெழுகுவத்தி, ஜெபித்த தண்ணீர், இன்ன சங்கீதத்தை இத்தனை முறை படி என்ற கட்டளை. பிள்ளையில்லாத பெண் இந்த மூன்று வாசலும் ஏறி இறங்குவாள். எந்த வாசலிலும் "நீ எந்த மதம்?" என்பது முதல் கேள்வி இல்லை.

#8 மண்வாசனை

அலதுரா என்பதில் "துஆ" ஒலிக்கிறதே?

#9 ஓலைச்சுவடி

சரியாகப் பிடித்தீர்கள். அதுரா என்றால் பிரார்த்தனை, அரபியிலிருந்து வந்து முஸ்லிம்கள் வழியே யோருபாவில் தங்கிய சொல். அலதுரா என்றால் பிரார்த்தனைக்காரர். 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் அஜாயி க்ரௌதர் (1864இல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர்) விவிலியத்தை யோருபாவில் கொண்டுவந்தபோது, பிரார்த்தனைக்கு அதுரா, குருவுக்கு அலுஃபா, தீர்க்கதரிசிக்கு வோலி என்று முஸ்லிம்கள் புழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார். இன்று பாதிரியாரும் அலுஃபா, இமாமும் அல்ஃபா.

ஆனால் அதே மொழிபெயர்ப்பு ஒரு காயத்தையும் விட்டுப்போனது. சாத்தானுக்கு எஷு என்று போட்டுவிட்டார்கள். எஷு தெய்வங்களின் தூதர், முச்சந்தியின் காவலர், எந்தப் பலியிலும் முதல் பங்கு வாங்குபவர். குறும்பர்தான், சாத்தான் இல்லை. இஷேஷேக்காரர்கள் இன்றும் "எஷு சாத்தான் அல்ல" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். என் கருத்தில் கலவரங்களைவிட ஆழமான கோபம் இதுதான்.

#10 ஆற்றோரம்

நாட்காட்டி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் உண்மையான நெரிசல். யோருபா வாரம் நான்கு நாள்: ஒபாதாலா நாள், இஃபா நாள், ஓகுன் நாள், ஷாங்கோவுக்கு ஜக்கூத்தா நாள். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவதால் ஐந்து என்பார்கள். ஏழு நாள் வாரத்தோடு இது 28 நாளுக்கு ஒரு முறைதான் மறுபடி பொருந்தும், அதனால் ஷாங்கோ நாள் சில சமயம் வெள்ளிக்கிழமையிலும் சில சமயம் ஞாயிற்றிலும் விழும். இஸ்லாமியப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். எந்த விழா எதோடு மோதும் என்று அரண்மனையில் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

ஒசோக்போவில் ஆற்றுத் தெய்வம் ஒஷுனுக்கு எடுக்கும் விழாவில் இது தெளிவாகத் தெரியும். ஆகஸ்டில் கிட்டத்தட்ட இரண்டு வாரம். முதலில் இவோபோபோ: அரசர் அதாவோஜா பரிவாரத்தோடு ஊர்ப் பாதையில் நடந்து வழி திறப்பார். மூன்று நாள் கழித்துப் பதினாறு முக விளக்கு. நிமிர்ந்த உலோகத் தண்டில் பதினாறு கிண்ணம், ஒவ்வொன்றிலும் செம்பனை எண்ணெயும் பஞ்சுத் திரியும். மாலை ஏழுக்கு ஏற்றினால் விடியும்வரை அணையக் கூடாது. எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அதாவோஜா குடும்பத்தோடும் பிரதானிகளோடும் இரவில் மூன்று முறை அதைச் சுற்றி ஆடுவார். பிறகு இபோரியாதே, முன்னோர் அரசர்களின் கிரீடங்களை ஒன்றாக வைத்துப் பூசை.

கடைசி நாள் அருக்பா ஊர்வலம். அரச குடும்பத்துக் கன்னிப்பெண், காணிக்கை வைத்த பெரிய சுரைக்குடுவையைத் துணி மூடித் தலையில் சுமந்து அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைக் காட்டுக்கு நடக்கிறாள். பேசக் கூடாது. கால் இடறக் கூடாது, இடறினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அதனால் சுற்றி நிற்பவர்கள் கூட்டத்தைத் தள்ளித் தள்ளி வழி செய்வார்கள், பாதைக் கல்லைக் கூடப் பார்த்துப் பொறுக்குவார்கள். அந்த 75 ஹெக்டேர் காடு 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆஸ்திரியாவிலிருந்து 1950இல் வந்து, ஒஷுனின் பூசாரியாகவே வாழ்ந்து 2009இல் மறைந்த சூசன் வெங்கர் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து எழுப்பிய மண் சிற்பங்கள் உள்ள காடு.

அந்தக் கடைசி நாள் வழக்கமாக வெள்ளிக்கிழமை! இப்போதைய அதாவோஜா முஸ்லிம், பெயரே ஜிமோ, அதாவது ஜும்ஆ, வெள்ளிக்கிழமை.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் மூன்று மதத்தாரும் இருப்பார்கள். மேல்பக்கம் இஜேஷா பகுதியில் தங்கம் அலசுவதால் ஆறு பழுப்பாக ஓடுகிறது. குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வந்த பிறகும் குடித்தார்கள்.

#11 வேப்பமரத்தடி

எல்லாம் இனிப்பாகவே போகிறது. உடைந்த இடங்களையும் சொல்லுங்கள் சார்.

1999 ஜூலை, சகாமு: ஆண்களுக்கு மட்டுமான ஓரோ வழிபாட்டு விழா இரவில் பெண்கள் வெளியே வரக் கூடாது. வந்த ஒரு ஹௌசா பெண் கொல்லப்பட்டார், அது யோருபா–ஹௌசா கலவரமாகி வடக்கே ஹௌசா ஊரான கானோ வரை எரிந்தது. 2016 ஜூன், இவோ: பொதுப் பள்ளிகளில் ஹிஜாப் அணியலாம் என்று ஒஷுன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பாப்டிஸ்ட் பள்ளியில் கிறிஸ்தவ மாணவர்கள் பாடகர் குழு அங்கியோடு வகுப்புக்கு வந்தார்கள். 2021 ஜூன், ஒசோக்போ: முன்னோர் வழிபாடான எகுங்குன் முகமூடி ஊர்வலத்துக்கும் மசூதித் தரப்புக்கும் மோதல், ஓர் உயிர் போனது. 2023, இலோரின்: இஷேஷே விழா நடத்தவிருந்த பெண் பூசாரியை முஸ்லிம் குழுவினர் வீடு தேடிப் போய் எச்சரித்து, விழா நின்றது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே சொயிங்கா பகிரங்கமாகக் கண்டித்தார்.

#12 கல்வெட்டுக்காரன்

பட்டியல் சரி. ஆனால் நான்கும் ஒரே ரகம் இல்லை.

இலோரின் மக்கள் யோருபா பேசினாலும் ஆட்சி எமீருடையது, 19ஆம் நூற்றாண்டு ஜிஹாதில் பிறந்த அரசு. அந்தப் படையை 1840 வாக்கில் ஒசோக்போவில் யோருபா நகரமான இபாதானின் படை தடுத்து நிறுத்தியது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒபா (யோருபா அரசர்) ஆட்சி, அந்தப் பக்கம் எமீர் ஆட்சி. எடே நடைமுறை அங்கே செல்லாது. இவோ சண்டையில் கேள்வி கடவுள் அல்ல, பள்ளி யாருடையது என்பது. மிஷன் கட்டிய பள்ளிகளை 1970களில் அரசு எடுத்துக்கொண்டது, பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. தங்கள் பள்ளி என்று சபை நினைக்கிறது, அரசுப் பள்ளி என்று முஸ்லிம் பெற்றோர் நினைக்கிறார்கள்.

ஓரோவும் எகுங்குனும்தான் ஊருக்குள்ளேயே வெடிப்பவை, ஏனென்றால் இரண்டும் தெருவைக் கேட்கும் விழாக்கள். மற்றவை பெரும்பாலும் தம் வளாகத்தோடும் தமக்கென்ற பாதையோடும் நின்றுவிடும். நன்றாக நடக்கிற ஊரில் பார்த்தால் மூன்று காரியம் முன்கூட்டியே முடிந்திருக்கும்: தேதி அறிவிப்பு, ஓரோவை நள்ளிரவுக்குள் அடக்குவது, எகுங்குன் பாதையைத் தொழுகை நேரத்தில் மசூதி வாசலில் போகாமல் மாற்றுவது. இதில் ஒன்று தவறினாலும், முகமூடிக்குப் பின்னால் பிரம்போடு ஓடும் இளவட்டங்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

#13 தாழம்பூ

இறப்புக்கு யாரும் இன்னும் வரவில்லை.

#14 மிளகுத்தண்ணி

முஸ்லிம் என்றால் அன்றே அடக்கம்: குளிப்பாட்டி, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து வெள்ளைத் துணி, பெட்டி கிடையாது. எட்டாம் நாள் ஃபிதாவு பிரார்த்தனை, அன்று பெரிய சாப்பாடு. கிறிஸ்தவர் என்றால் உடலைப் பிணவறையில் வைத்து, வாரக்கணக்கில் பணமும் உறவும் திரட்டி, முந்தின இரவு பாட்டு ஆராதனை, மறுநாள் அடக்கம், ஞாயிறு நன்றி ஆராதனை, ஒரே மாதிரி துணியில் குடும்பம் முழுவதும். இந்தக் கால வித்தியாசம்தான் தகராறின் வேர். வெளிநாட்டிலிருக்கும் கிறிஸ்தவ மகன் "நான் வரும்வரை வையுங்கள்" என்பான், இங்கே அல்ஃபா குழி வெட்டச் சொல்லிவிட்டிருப்பார். பொது விதி: இறந்தவரின் மதம்தான், பிள்ளையின் மதம் இல்லை. அவர் கடைசிக் காலத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதில் இரண்டு மனைவி வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். சபைச் சந்தா பாக்கி இருந்தால் சபை வர மறுப்பதும் உண்டு, இது எல்லா மதச் சங்கங்களிலும் இருக்கிற நோய்.

அரசர் இறந்தால் நிலைமை வேறு. அரசரின் உடல் குடும்பத்துடையதல்ல, ஒஷுக்போ போன்ற மரபுக் குழுக்களுடையது என்பது பழைய நிலை. பக்கத்து ஓகுன் மாநிலம் குடும்பத்தின் பக்கம் சட்டம் போட்டது. 2025 ஜூலையில் அந்த மாநிலத்து இஜெபு ஒடேயின் அவுஜாலே (அரசர் பட்டம்), 1960 முதல் பட்டத்திலிருந்த சிக்கிரு அடெட்டோனா மறைந்தபோது, மறுநாளே இஸ்லாமிய முறையில் அடக்கம் நடந்தது. மரபுக் குழுவினரைப் படையினர் விலக்கி நிறுத்தினார்கள். அந்த விவாதம் இன்னும் ஆறவில்லை.

#15 ஓலைச்சுவடி

பெயர் வைப்பதோடு நான் முடித்துக்கொள்கிறேன்.

பழைய வழக்கம் ஆணுக்கு ஒன்பதாம் நாள், பெண்ணுக்கு ஏழாம் நாள், இரட்டையருக்கு எட்டாம் நாள். இப்போது எல்லோருக்கும் எட்டு என்று ஆகிவிட்டது, அது இஸ்லாமிய அகீகா (பிள்ளைக்காகக் கடா அறுக்கும் சடங்கு) கணக்கோடும் பொருந்திவிட்டது. முஸ்லிம் தந்தை என்றால் கடா, முடி இறக்கல், அல்ஃபா ஓதிப் பெயர் சொல்வது. கிறிஸ்தவர் என்றால் போதகர் ஜெபம். இரண்டிலும் தட்டில் பழைய பொருட்கள் வந்துவிடும்: தேன், உப்பு, தண்ணீர், கோலாக் கொட்டை, ஒரொக்போ என்ற கசப்புக் கோலா, அதாரே மிளகு. தேன் தொட்டு வைக்கும்போது வாழ்க்கை இனிக்க, ஒரொக்போ கடிக்கும்போது ஆயுள் நீள என்று ஒவ்வொன்றுக்கும் வாக்கு உண்டு. சில போதகர்கள் கோலாவையும் மிளகையும் எடுத்துவிட்டுத் தேனையும் உப்பையும் மட்டும் விடுவார்கள். பாட்டிகள் மறுபடி வைப்பார்கள்.

பிறகு நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை ஒவ்வொருவராக அதில் காசு போட்டுத் தாங்கள் கொண்டுவந்த பெயரைச் சொல்வார்கள். ஒருவர் ரஷீது என்பார், இன்னொருவர் டேனியல் என்பார், குலத்தில் மூத்தவர் இஃபாவோடோ ஷாங்கோவோடோ தொடங்கும் பெயரைச் சொல்வார். சபைக்காரர்கள் முன்னிலையில் அந்த "இஃபா"வை மட்டும் "ஒலு" (ஆண்டவர்) ஆக்கி, இஃபாபுன்மியை ஒலுபுன்மி என்று மாற்றிக்கொள்வதும் உண்டு.

#16 மண்வாசனை

இத்தனையில் பள்ளிக்கூடத்தில் எது?

#17 ஓலைச்சுவடி

அப்பா எழுதிக்கொடுப்பது. வீட்டில் யார் காசு போட்டாரோ அவர் தன் பெயரைத்தான் கூப்பிடுவார். பிள்ளை எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கும்.